துப்பாக்கியின் உதையும் வேட்டைக்காரரின் தோளும்

தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் நைனிதாலுக்குச் செல்வதுண்டு. அம்மலையின் அடிவாரத்திலே காலாடுங்கி என்னும் சிற்றூர் உள்ளது. ஜிம் கார்பெட் குளிர்காலத்தில் தங்கிய வீடு அங்கே இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ஆட்கொல்லிப் புலிகளைத் தனியே தேடிச் சென்ற அம்மனிதரின் துணிவை அங்கு நின்று வியவாதார் இலர். ஆயினும், அவர் தோளில் தாங்கிய துப்பாக்கி ஒவ்வொரு வேட்டின்போதும் அத்தோளுக்கு என்ன செய்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

வேட்டைக் கதைகள் யாவும் குண்டு சென்ற திசையையே நோக்குகின்றன. குண்டு எவ்வளவு தொலைவு சென்றது, எதனைத் துளைத்தது, எவ்விலங்கு வீழ்ந்தது என்பனவே அவற்றின் பொருள். ஆனால் ஒவ்வொரு வேட்டுக்கும் மற்றொரு பக்கம் உண்டு. குண்டு முன்னே பாயும் அதே கணத்தில் துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. இவ்வுதையை மனிதன் எவ்வாறு புரிந்துகொண்டான், எவ்வாறு அடக்கினான், எங்கே அதற்குத் தோற்றான் என்பதே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு. சிறிய பொருள்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்த உதைக்கு அஞ்சிய விரல் ஒன்று சற்றே பிசகியதனால் காயமுற்ற விலங்குகளும், அவ்விலங்குகளால் மாண்ட மனிதர்களும் உண்டு என்பதை நினைத்தால், இது சிறிய பொருளன்று என்பது விளங்கும்.

முதலில் இதன் இயல்பைக் காண்போம். ஓடத்திலிருந்து கரைக்குத் தாவுகிறவன் முன்னே செல்ல, ஓடம் பின்னே நகர்வதை ஆற்றங்கரையில் வளர்ந்தோர் அனைவரும் கண்டிருப்பர். ஒவ்வொரு வினைக்கும் அதற்கு ஒப்பான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விதியாக வகுத்தார். துப்பாக்கியில் தாவுகிறவன் குண்டு, ஓடம் துப்பாக்கி. குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி வருவது எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். குண்டோடு கூட வெடிமருந்து எரிந்து உண்டான ஆவியும் குழல்வாயிலிருந்து பெருவேகத்தோடு வெளியேறுகின்றது. அதற்கும் உரிய பங்கினைத் தோள்தான் செலுத்தியாக வேண்டும்.

ஒரு கணக்கினால் இதனைத் தெளிவாக்கலாம். 9 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் செலுத்தும் 3.4 கிலோ எடையுள்ள ரைபிள் ஒன்று. 32 கிராம் குண்டை நொடிக்கு 650 மீட்டர் வேகத்தில் செலுத்தும் 5 கிலோ எடையுள்ள ரைபிள் மற்றொன்று. ஆவியின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால், முதலாவது ஏறத்தாழ நொடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில் தோளை நாடி வரும், இரண்டாவது 5.4 மீட்டர் வேகத்தில் வரும். வேக வேறுபாடு பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால் உதையின் ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டாவது முதலாவதைப்போல் நான்கு மடங்காகின்றது. முன்னது மான் வேட்டைக்குரிய ரைபிள். பின்னது யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. பெரிய விலங்கை நாடியவர் பெரிய உதையையும் ஏற்றே ஆகவேண்டியிருந்தது.

துப்பாக்கி தோன்றிய நாளிலேயே இத்தொல்லையும் தோன்றிவிட்டது. ஐரோப்பாவின் பழைய கைத்துப்பாக்கி ஒன்றுக்கு ஆர்க்கபஸ் என்று பெயர். அச்சொல்லின் மூலப்பொருள் கொக்கித் துப்பாக்கி என்பதாம். குழலின் அடியில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. அதைக் கோட்டைச் சுவரின் விளிம்பில் மாட்டிச் சுட்டால் உதை மனிதனைச் சாராது சுவரைச் சாரும். உதையை வேறொன்றின் தலையில் ஏற்றிவிடுவது என்பதே மனிதன் கண்ட முதல் வழி. நம் நாட்டிலும் இவ்வழி அறியப்படாததன்று. ஒட்டகத்தின் சேணத்தில் சுழலும் முளையொன்றில் பொருத்தப்பட்ட சிறு பீரங்கிக்கு ஜம்புரக் என்று பெயர். 1739-இல் கர்னால் போர்க்களத்தில் நாதிர்ஷாவின் படையில் அவை இருந்தன. அங்கே உதையைத் தாங்கியது ஒட்டகம்.

மொகலாயர் காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் திரி கொண்டு சுடுபவை. நீண்டு கனத்த குழலை உடையவை. அக்பர் 1568-இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையின்போது ஜெய்மல் என்னும் வீரரைச் சுட்ட துப்பாக்கிக்குச் சங்கிராம் என்று பெயரிட்டிருந்தார். அத்தகைய துப்பாக்கிகளின் கனமே அவற்றைச் சுடுபவருக்குக் காப்பாக இருந்தது. துப்பாக்கியின் எடை இரட்டித்தால் பின்வாங்கும் வேகம் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். நியூட்டன் பிறப்பதற்கு முன்பே கொல்லர்கள் தம் அனுபவத்தால் இதனை அறிந்திருந்தனர்.

உதையின் கொடுமையை எழுத்தில் பதிவு செய்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டைக்காரர்கள். அவர்களுள் சாமுவேல் பேக்கரின் பெயரை இலங்கைத் தமிழரும் நன்கறிவர். நுவரெலியாவில் 1848-இல் குடியேறி, 1855 வரை அத்தீவில் வாழ்ந்து, அங்கு யானை வேட்டையாடியவர் அவர். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் 1840-இல் அவருக்காகச் செய்த ரைபிளின் எடை 21 ராத்தல். அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. அதில் செலுத்திய குண்டு 3 அவுன்ஸ். வெடிமருந்து ஓர் அவுன்ஸ். இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பது கடினம். ஆனால் சுடும்போது அக்கனமே துணை.

பின்னர் ஆப்பிரிக்கப் பயணத்திற்காக இலண்டன் நகரத்து ஹாலண்டு நிறுவனத்தாரிடம் மற்றொரு ரைபிளைப் பேக்கர் செய்வித்தார். அது அரை ராத்தல் எடையுள்ள வெடிகுண்டைச் செலுத்துவது. குழந்தை என்று அதற்கு அவர் வேடிக்கையாகப் பெயரிட்டார். அவருடன் வந்த அராபியரோ பீரங்கியின் பிள்ளை என்று பொருள்படும் பெயரை வைத்தனர். அதன் எடை 20 ராத்தலே. அதைச் சுட்டபோதெல்லாம் சூறாவளியில் அகப்பட்ட காற்றுத்திசை காட்டியைப்போல் தாம் சுழற்றப்பட்டதாக 1867-இல் வெளிவந்த தம் நூலில் பேக்கர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். மிக வலிய உடற்கட்டுடையவர் அவர். அத்தகையவரே அதைச் சுடுவதற்கு அஞ்சி, மிக அரிதாகவே கையில் எடுத்தார்.

இவ்விரு துப்பாக்கிகளுக்கும் உள்ள வேற்றுமை யாது? டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்னும் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கி வல்லுநர் ஒரு விதியைக் கூறினார்: ரவைத் துப்பாக்கியின் எடை, அது செலுத்தும் ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருத்தல் வேண்டும். ஓர் அவுன்ஸ் ரவைக்கு 6 ராத்தல் துப்பாக்கி. இவ்விதி ரவைத் துப்பாக்கிக்கென வகுக்கப்பட்டதாயினும், பேக்கரின் ரைபிள்களை இதனால் அளந்து பார்ப்பதில் தவறில்லை. கிப்ஸ் செய்த ரைபிளுக்கு 18 ராத்தல் போதும்; அதற்கு 21 இருந்தது. குழந்தைக்கோ 48 ராத்தல் வேண்டும். அதற்கு 20 மட்டுமே இருந்தது. பேக்கர் சுழன்றதில் வியப்பென்ன?

இதனினும் துயரமான கதை பிரெடரிக் செலூஸ் என்பவருடையது. 1870-களில், இருபது வயதை ஒட்டிய இளைஞராகத் தென்னாப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் புறப்பட்ட அவர், மலிவான இரு துப்பாக்கிகளை வாங்கினார். அவை நான்கு போர் அளவுடையவை. ஒரு ராத்தல் ஈயத்தை நான்கு உருண்டைகளாக்கினால் வரும் உருண்டை அதன் குழலுக்குப் பொருந்தும் என்பது அதன் பொருள். ஆகவே ஒரு குண்டு நான்கு அவுன்ஸ். துப்பாக்கியின் எடையோ பன்னிரண்டரை ராத்தல். கிரீனரின் அளவில் பாதிதான். வெடிமருந்தை அளவுப்பாத்திரம் கொண்டன்றி, இடுப்பில் தொங்கிய பையிலிருந்து கையால் அள்ளியே போட்டார். ஒருமுறை துப்பாக்கி வெடியாமற் போக, உடன் வந்த ஆள் அதை அறியாது மறுபடியும் மருந்திட்டுவிட்டான். இரட்டைச் சுமையோடு வெடித்த அத்துப்பாக்கி செலூஸைத் தூக்கியெறிந்து முகங்குப்புற மணலில் வீழ்த்தியது.

தோளின் காயம் ஆறிவிட்டது. ஆறாத காயம் வேறிடத்தில் இருந்தது. அத்துப்பாக்கிகளின் உதை தம் நரம்பைக் குலைத்துவிட்டது என்றும், நல்ல ரைபிள்கள் கைக்கு வந்த பின்னரும் தம் குறியை அது நெடுங்காலம் கெடுத்தது என்றும், அவற்றைத் தாம் தொடாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் எழுதினார். புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் தம் அச்சத்தை இவ்வாறு ஒப்புக்கொண்டது பிற்காலத்தவர்க்குப் பேருதவியாயிற்று.

இங்கே ஓர் உண்மையை நாம் நின்று நோக்கவேண்டும். குண்டு குழலைவிட்டு வெளியேற ஆகும் நேரம், ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால் அதில் ஓரிரு கூறுதான். அந்நேரத்திற்குள் ரைபிள் பின்வாங்கும் தொலைவு ஓரிரு மில்லிமீட்டரே. உதையின் பெரும்பகுதி தோளை வந்து தாக்குமுன் குண்டு போய்விடுகிறது. அவ்வாறாயின் உதையால் குறி எவ்வாறு கெடும்? குறியைப் பெரிதும் கெடுப்பது வந்த உதையன்று. வரப்போகும் உதையை எண்ணிய நினைவு. விசையை அழுத்துமுன்னரே கண் மூடுகின்றது, தோள் குறுகுகின்றது, விரல் விசையை மெல்ல அழுத்துவதை விட்டுச் சுண்டி இழுக்கின்றது. குழல் ஓர் இம்மி அசைந்தால் நூறு கஜத்திற்கு அப்பால் அது ஒரு சாணாகும். சுட்டவர் தாம் அசையவில்லை என்று ஆணையிட்டுக் கூறுவார். வேட்டின் ஓசையும் உதையும் அவருடைய அசைவை அவருக்கே மறைத்துவிடுகின்றன.

இதனைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் ஓர் எளிய முறையைக் கையாண்டனர், இன்றும் கையாளுகின்றனர். மாணவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றை மற்றத் தோட்டாக்களிடையே வைத்துவிடுவர். விசை அழுத்தப்படும், வேட்டு இராது, உதையும் இராது. ஆனால் துப்பாக்கியின் முனை மட்டும் குபுக்கென்று கீழே சாயும். அப்போது மாணவர் தம் அச்சத்தைத் தம் கண்ணாலேயே காண்பார். வெறுந் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பழகுதலும், உதை குறைந்த சிறு ரைபிளில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்லுதலும், களைப்படையுமுன் நிறுத்திக்கொள்ளுதலும் அதற்குரிய மருந்துகள்.

கருவியைச் செய்தவர்களும் வாளாவிருக்கவில்லை. 1889-இல் ஏபெல், டுவார் என்னும் இரு அறிவியலார் கார்டைட் என்ற புகையற்ற மருந்தைக் கண்டனர். கரிமருந்தைவிட மிகக் குறைந்த அளவே இதற்குப் போதும்; ஆகவே மருந்தின் எடையால் வரும் உதை குறைந்தது. 1898-இல் ஜான் ரிக்பி .450 அளவுள்ள நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிளை வெளியிட்டபோது, இருபது ராத்தல் துப்பாக்கி செய்த வேலையைப் பதினொரு ராத்தல் ரைபிள் செய்யத் தொடங்கியது. இந்தியாவில் கலகக்காரர் கைக்குப் பட்டாளத்துத் தோட்டாக்கள் போய்ச் சேரும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 அளவை இந்நாட்டிற்குக் கொண்டுவரத் தடைவிதித்தது. உடனே இலண்டன் நிறுவனங்கள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைப் படைத்தன. இந்தியாவுக்கென்று பிறந்த அந்த அளவுகள் ஆப்பிரிக்கா வரை சென்று நிலைபெற்றன.

துப்பாக்கியின் மரக்கட்டையின் வடிவமும் ஆராயப்பட்டது. பழைய கட்டைகள் கீழ்நோக்கி மிக வளைந்திருந்தன. வளைந்த கட்டையில் உதை நேரே பின்னே வராது. குழலை மேலே தூக்கிக் கன்னத்தில் அறையும். கட்டை நேராக நேராக உதை தோளின் சதைப்பகுதியை நோக்கி நேராக வரும். கட்டையின் அடிப்பகுதி அகலமானால் அதே விசை பரந்த இடத்தில் படும். ஊசியால் குத்துவதற்கும் உள்ளங்கையால் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சில்வர் நிறுவனத்தார் செய்த ரப்பர் அடித்தட்டு பரவியது. ரப்பர் உதையின் மொத்தத்தைக் குறைப்பதில்லை. அதைச் சிறிது நேரத்திற்குப் பரப்பி, அடியைத் தள்ளுதலாக மாற்றுகின்றது. குழல்வாயில் பக்கத் துளைகளை அமைத்து ஆவியைப் பக்கவாட்டிலும் பின்னுமாகத் திருப்புவது மற்றொரு வழி. இதில் உதை மெய்யாகவே குறைகின்றது. ஆனால் ஓசை சுடுபவர் செவியையும் அருகில் நிற்பவர் செவியையும் கொடுமையாகத் தாக்குகின்றது.

இரட்டைக்குழல் ரைபிளைச் செய்வோரின் நுட்பம் தனிச்சிறப்புடையது. வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி சிறிதே வலப்புறம் திரும்பும், இடக்குழலாயின் இடப்புறம். குண்டு வெளியேறுமுன் நிகழும் அந்த இம்மியளவுத் திருப்பத்தையும் கணக்கிட்டு, இரு குழல்களையும் முன்னே சற்றுக் குவியுமாறு பொருத்துவர். பின்பு சுட்டுப் பார்த்து, ஈயப்பற்றை உருக்கி, ஆப்பை நகர்த்தி, மீண்டும் சுட்டுப் பார்ப்பர். இரு குண்டுகளும் ஓரிடத்தில் சேரும்வரை இது தொடரும். உதையை எதிரியாகக் கருதாது, கருவியின் ஓர் உறுப்பாகவே ஏற்றுக்கொண்ட கைத்திறம் இது.

நம் நாட்டிலும் இத்தொழில் வளர்ந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் ஈசாப்பூரில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெடிமருந்து ஆலை இருந்தது. 1904-இல் அங்கே ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. பட்டாளத்து .303 அளவு பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டமையால் அவர்களுக்கெனச் செய்யப்பட்ட .315 ரைபிள், வட இந்தியச் சிற்றூர்களில் பயிரைக் காக்கும் உழவர் பலரின் கைக்குச் சென்றது.

கருவி எவ்வளவு திருந்தினாலும் இறுதியில் உதையை ஏற்பது உடல்தான். பழுத்த வேட்டைக்காரர்கள் இளையோர்க்குக் கூறிய அறிவுரைகள் இன்றும் மாறவில்லை. கட்டையைத் தோளின் குழியில் இறுகப் பதிக்கவேண்டும். இடைவெளி விட்டுப் பிடித்தால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். ஒட்டிப் பிடித்தால் உடலையும் சேர்த்துத் தள்ளும். உடலின் எடையும் துப்பாக்கியின் எடையோடு கூடிவிடுவதால் தள்ளுதல் மென்மையாகும். கன்னம் கட்டையில் படிந்திருக்க வேண்டும். இடக்கால் முன்னும் உடல் சற்று முன்சாய்ந்தும் இருக்கவேண்டும். ஆனால் விறைத்து நிற்றலாகாது. காற்றில் நாணல் போல் உடல் வளைந்து கொடுக்கவேண்டும். நின்று சுடுபவர் உடல் உதையோடு பின்செல்லும். தரையில் படுத்துச் சுடுபவர் உடலுக்குப் பின்செல்ல இடமில்லையாதலால் அவருக்கே அடி மிகுதி. தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் கண்ணை மிக அருகே வைத்தவர் புருவத்தில் பிறைபோன்ற வடுவைப் பெறுவார். மரக்கிளையில் கட்டிய பரணில் இருந்து சுடுபவர் உதையால் நிலைகுலைந்து வீழாதபடி தம் இருக்கையை முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய துப்பாக்கியே பெரிய விலங்குக்கு வேண்டும் என்ற கொள்கையை மறுத்தோரும் இருந்தனர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல், அவற்றில் மிகப் பலவற்றை .275 என்னும் சிறிய ரைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மூளை இருக்குமிடத்தை எத்திசையிலிருந்தும் அறிந்திருந்தமையும், உதை சிறிதாகையால் கை நடுங்காமையுமே அவருடைய முறையின் அடிப்படை. இத்தனை உயிர்களை அழித்ததை இன்று நாம் போற்றமாட்டோம். ஆயினும் குண்டின் பருமனைவிட அது சேரும் இடமே முதன்மையானது என்ற அவர் கூற்றை மறுக்கவும் இயலாது. எனினும், அவ்வளவு அமைதியான கையும் அவ்வளவு தெளிந்த அறிவும் இல்லாதவர் சிறிய ரைபிளோடு யானையை எதிர்கொள்வது தற்கொலைக்கு ஒப்பாகும்.

பெங்களூரில் வாழ்ந்து, தருமபுரி, ஓசூர், பென்னாகரம் பக்கத்துக் காடுகளைத் தம் நூல்களால் உலகறியச் செய்த கென்னத் ஆண்டர்சன், .405 வின்செஸ்டர் ரைபிளைப் பயன்படுத்தினார். அது .275 ரைபிளைப்போல் இரு மடங்குக்கு மேல் உதைப்பது. கார்பெட்டோ இரண்டையும் வைத்திருந்தார்: நெருங்கிய இடத்தில் ஆட்கொல்லியை எதிர்கொள்ளக் கனத்த .450/400 இரட்டைக்குழல் ரைபிள், மற்றவற்றிற்கு.275 ரிக்பி. பிந்தையது 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹெவெட் அவருக்கு அளித்த பரிசு.

அந்தச் சம்பாவத் பெண்புலியின் கதையில்தான் நம் பொருளின் மெய்யான விலை தெரிகின்றது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 மனிதர்களை அது கொன்றதாகக் கார்பெட் தம் நூலில் குறித்துள்ளார். விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் சென்ற பெண்கள் அவர்களுள் பலர். அச்சத்தால் ஊர்மக்கள் கதவடைத்துக் கிடந்தனர். இறுதி நாளன்று கார்பெட்டின் ரைபிளில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் பழைய ரவைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புலியை அணுகினார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்குமிடையே மூன்று எட்டாம் பாக அங்குல இடைவெளி இருந்தது. சுட்டால் தீ பின்னே வந்து தம் கண்ணையே அவிக்கலாம் என்பதை அறிந்தே சுட்டார். வாய்க்கு வைத்த குறி முன்னங்காலில் பட்டது. எனினும் முன்பு பட்ட காயங்களால் தளர்ந்திருந்த புலி அத்தோடு வீழ்ந்தது.

வீழ்ந்த புலியின் வாயைப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம் ஒன்றின் விளைவு அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற் போனதனாலேயே அது மனிதரை நாடியது என்று கார்பெட் முடிவு செய்தார். அக்குண்டைச் செலுத்தியவர் யார் என்று வரலாறு கூறவில்லை. அவர் கை எதனால் பிசகியதோ, அதனையும் கூறவில்லை. அஞ்சிக் கண்ணை மூடினாரோ, அவசரப்பட்டாரோ, எட்டாத தொலைவில் சுட்டாரோ! ஆனால் விலங்கின் தாடையில் சென்று பட்ட ஒரு தவறிய குண்டுக்கு, அதைச் செலுத்தியவரை அறியாத நூற்றுக்கணக்கான ஏழை மக்கள் தம் உயிரை விலையாகக் கொடுத்தனர். துப்பாக்கியை எடுப்பவர் தம் அச்சத்தை அறிந்திருத்தல் கடமை என்று நாம் கூறுவது இதனால்தான். தாங்கவொண்ணாத உதையுள்ள துப்பாக்கியைப் பெருமைக்காக ஏந்துவது வீரமாகாது. அது பிறர் உயிரை வைத்து ஆடும் சூதாட்டமாகும்.

உதையின் வரலாற்றில் மற்றொரு கிளையும் உண்டு. ஹைரம் மாக்சிம் என்பவர், தோளை நோகச் செய்யும் இவ்வாற்றல் வீணாகிறதே என்று எண்ணினார். அதனைக் கொண்டே பழைய தோட்டாவை வெளியேற்றிப் புதிய தோட்டாவை ஏற்றும் பொறியை 1884-இல் அமைத்தார். அதுவே மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. பிரெஞ்சுக்காரர் 1897-இல் அமைத்த 75 மில்லிமீட்டர் பீரங்கியில், எண்ணெயும் அழுத்திய காற்றும் குழலின் பின்னோட்டத்தை விழுங்கி மீண்டும் அதனை முன்னே கொண்டுவந்து நிறுத்தின. ஒவ்வொரு வேட்டுக்கும் பீரங்கியைத் தள்ளி நிறுத்திய காலம் மறைந்தது. தோளை வருத்திய உதை, உலகப்போரில் இலட்சக்கணக்கானோரை மாய்க்கும் பணியாளாயிற்று. அடக்கப்பட்ட ஆற்றல் எல்லாம் நன்மைக்கே பயன்படும் என்று சொல்வதற்கில்லை.

இன்று நம் நாட்டில் வேட்டைத் துப்பாக்கியின் காலம் முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது. அது தொடங்கப்பெற்ற காடு கார்பெட்டின் பெயரையே தாங்கியுள்ளது. தம் இறுதிக் காலத்தில் துப்பாக்கியினும் ஒளிப்படக் கருவியையே மிகுதியும் விரும்பிய அவருக்கு அது பொருத்தமான நினைவு. அவருடைய .275 ரிக்பி, 2015-இல் அதனைச் செய்த நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது.

எனினும் உதை மறையவில்லை, களம் மாறியுள்ளது. வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில், ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட உதைகளை ஒரு தோள் தாங்கவேண்டும். பிக்கானீரின் கர்ணி சிங் அதில் நாட்டின் சார்பாக ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 2004-இல் ஏதென்ஸில் ராஜ்யவர்த்தன் ராத்தோர் இரட்டைத் தட்டுப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் வென்றார். அவர்கள் கற்ற பாடமும் செலூஸ் காலங்கடந்து கற்ற பாடமும் ஒன்றே. உதை வரும் என்பதை அறிந்து, அது வருவதற்கு முன் அதற்காக நடுங்காதிருக்கப் பழகுவதே அப்பாடம்.

அடுத்த முறை காலாடுங்கிக்குச் செல்லும் நம்மவர் அவ்வீட்டுத் திண்ணையில் நின்று மலையை நோக்கும்போது, புலிகளை மட்டும் நினையாது, அவற்றை எதிர்நோக்கிய தோளையும் சற்று நினைப்பாராக. புல் அறுக்கச் சென்று மீளாத அப்பெண்களையும் நினைப்பாராக.